பத்திலிருந்து ஒன்றுக்கு

மனைவியை அடுத்த அறையிலிருந்து திரும்பக் கூட்டிவர ஒரு தடவைக்கு எண்ணூறு ஆகும் என்று ஹிப்னாடிச சிகிச்சைக்காரி சொன்னதும், தரைவிரிப்பு வியாபாரி வழக்கம்போல் பாதியில் ஆரம்பித்தார்.

“நானூறு.”

“எண்ணூறுதான் ஐயா. தூக்கத்துல பல் கடிக்கிற பழக்கம். ரெண்டு மூணு தடவை வரவேண்டியிருக்கும்.”

“மொத்தமா எடுத்தா குறைக்கணும்ல?”

அவள் சிரித்தாளே தவிர இறங்கவில்லை. அவருக்கு அது பிடித்துப்போயிற்று. சரக்கு நல்ல சரக்காகத்தான் இருக்கும்.

“மாவு மில்லுல படுத்திருக்கற மாதிரி இருக்கு” என்று மனைவி தலையணைகளோடு அறை மாறி இரண்டு மாதம். அன்றன்றைக்குக் கடையில் நடந்ததைப் படுத்தபடி சொல்ல ஆளில்லாமல், மனுஷன் பாதிக் கதைகளோடு அலைந்தார்.

சாய்வு நாற்காலியில் அவரைச் சாயவைத்து, சிகிச்சைக்காரி மெல்லிய குரலில் பத்திலிருந்து கீழே எண்ணினாள். எண் இறங்க இறங்க உடம்பு தளரவேண்டும். வியாபாரியோ ஆறில் கண்ணைத் திறந்தார். நாலில் நிமிர்ந்தார். ஒன்று வரும்போது நாற்காலி நுனியில் இருந்தார்.

“பயமா ஐயா?”

“பயமில்லம்மா. நீங்க இறங்கிக்கிட்டே வர்றீங்க. இன்னும் இறங்குவீங்கன்னு மனசு சொல்லுது. எதிராளி இறங்கும்போது தூங்கினா கடையை மூடவேண்டியதுதான்.”

அடுத்த தடவையும் அதே கூத்து. எழுந்தவர் வாசல்வரை போய் நின்றார். “உங்களால ஆகாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா.” அதில் பேரமே இல்லை.

அவள் யோசித்தாள். “விலை ஏறிக்கிட்டே போனா என்ன செய்வீங்க?”

“என்ன செய்யறது? நமக்கு இல்லைன்னு விட்டுடுவேன்.”

“உட்காருங்க.”

ஒன்றிலிருந்து மேலே எண்ணினாள். இருபதில் அவர் தோள் இறங்கியது. நாற்பதில் கை சரிந்தது. அறுபதில், யாரோ வாங்கிக்கொள்ளட்டும் என்று தாடையே விட்டுக்கொடுத்தது. “பல்லும் பல்லும் தொடவேண்டாம்” என்றாள் அவள். தலை மெல்ல ஆடியது.

மறுவாரம் வந்தவர் முகத்தில் நல்ல தூக்கம் தெரிந்தது.

“வந்துட்டாம்மா. சும்மா வரலை, ஏகப்பட்ட நிபந்தனை.”

“நீங்க பேரம் பேசலையா?”

“பேசினேன். அவ ஏத்திக்கிட்டே போனா. எனக்குத் தூக்கம் வந்துடுச்சு.”

“அப்போ நஷ்டமா?”

அவர் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். வரவு: மனைவி ஒன்று, தலையணை இரண்டு. பற்று: சுவரோரம், ஜன்னல், மின்விசிறியின் வேகம். கையிருப்பு: போர்வையில் கால்வாசி.