நோன்பு மாதத்து வேகம்

சஃபித் துறைமுகத்து மத்தி மீன் ஆலையில் மூன்றாம் மேசைக்கு யம்னாதான் மேற்பார்வை. மேசையில் இருபத்திரண்டு பெண்கள். கத்தரிக்கோலால் தலையை நறுக்கி, குடலை இழுத்து, டப்பாவுக்கு ஐந்து மீனாகத் தலைப்பக்கமும் வாலும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். யார் எத்தனை அடுக்கினாள் என்று யாரும் எண்ணியதில்லை. படகு கொண்டுவந்த மீன் தீர்ந்ததா, அன்றைய வேலை தீர்ந்தது.

பெருநாள் கழிந்து வேலைக்குத் திரும்பிய காலையில், மேசையின் தலைமாட்டில் ஒரு பலகை தொங்கியது. ஒருவருக்கு மணிக்குத் தொண்ணூற்றெட்டு டப்பா. கீழே எல்லோர் பெயரும், பெயருக்கு எதிரே கட்டங்களும். மூன்று வாரம் தொடர்ந்து சிவப்புக் கட்டம் விழுந்தால், தினமும் காலையில் வேலைக்கு எடுப்பவர்களை வாசலில் வாசிக்கும் பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது.

"தொண்ணூத்தெட்டா? எந்தக் கழுதை சொல்லுச்சு இதை?" என்றாள் பத்தூல்.

"நாமதான் சொன்னோம்," என்றாள் யம்னா.

அது எப்படி நடந்தது தெரியுமா? நோன்பின் மூன்றாம் வாரம், காசாபிளாங்கா தலைமை அலுவலகத்திலிருந்து அனஸ் என்ற இளம் பொறியாளர் வந்தார். கையில் ஸ்டாப்வாட்ச். கோடை நோன்பு, நீராவி வேறு. உதடு வெடித்து, தூணில் சாய்ந்து நின்றார். யம்னாவுக்கு மனசு கேட்கவில்லை. மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். மேசையைப் பார்த்து, "இந்தப் புள்ளைக்கு நம்ம வேலை முடிஞ்சாத்தான் விடுதலையாம். சீக்கிரம் முடிச்சு அனுப்புங்கடி, பாவம்," என்றாள். அவர்களுக்கும் இரண்டு மணிக்குள் வீடு போய், நோன்பு திறக்கும் ஹரீரா கஞ்சியை அடுப்பேற்ற வேண்டும். சாப்பாட்டு இடைவேளை கிடையாது, வாய் காய்ந்ததால் பேச்சும் கிடையாது. கைகள் பறந்தன. இரக்கத்தில் பறந்த கைகளை அனஸ் எண்ணி எழுதிக்கொண்டு போனார்.

இப்போது ஒன்பது மணி நேர வேலை. எழுபது வந்தாலே பெரிது. பத்தூலுக்கு மணிக்கு அறுபத்தொரு டப்பாதான் வந்தது. பன்னிரண்டு வருடம் மீன் நறுக்கி அவள் வலது மணிக்கட்டு மரத்துப்போயிருந்தது. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். கடலுக்குப் போன கணவன் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறானோ. இரண்டு வாரமாக மேசை முழுக்கச் சிவப்பு; எல்லோரிலும் பின்தங்கியது அவள் கட்டம்.

யம்னா அனஸுக்குத் தொலைபேசியில் பேசினாள். அந்த எண் நோன்பு வேகம் என்று அவள் சொன்னதும், மேசைப் பெண்கள் மரியாதைக்கு அழைக்கும் 'லல்லா' என்ற சொல்லாலேயே அவரும் அவளுக்குப் பதில் சொன்னார்.

"நோன்பு மாசம்கிறது எனக்குத் தோணவே இல்லை, லல்லா. நானே தலை சுத்தித்தான் நின்னேன். தலைமை ஆபீசுக்கு எழுதிப் பார்க்கிறேன்."

எழுதினார். பதில் ஆலை மேலாளர் ஹாஜி மீலூதிக்கு வந்தது. அவர் யம்னாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வெறும் வயித்துல தொண்ணூத்தெட்டு. ரொட்டியும் டீயும் உள்ள போனா எழுபது. இதை நான் யாருகிட்ட போய்ச் சொல்ல? சாப்பாடுதான் இடைஞ்சல்னா சாப்பாட்டு மணியை எடுத்துடலாமா?"

"நோன்பு மாசம் மட்டும் ஏழு மணி நேரம் ஓடலாம் ஹாஜி. ஒன்பது மணி நேரம், வருஷம் பூரா ஓட முடியுமா?"

ஹாஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை.

"அந்த எண்ணை வெச்சுத்தான் வாங்குறவங்களுக்கு விலை சொல்லியாச்சு. இன்னொரு தடவை அளக்கச் சொல்றேன். வியாழக்கிழமை. அதுக்கு மேல என் கையில இல்லை."

அதுவே பெரிய வரமாகத் தெரிந்தது யம்னாவுக்கு. புதன்கிழமை உடை மாற்றும் அறையில் எல்லோரையும் நிறுத்தி வைத்தாள்.

"நாளைக்கு யாரும் ஓடாதீங்க. எப்பவும் போலச் செய்ங்க. பேசிக்கிட்டே செய்ங்க. கை வலிச்சா உதறுங்க."

"நான் தூங்கியே காட்டுறேன் லல்லா," என்றாள் கன்னூ. சிரிப்பில் அறை அதிர்ந்தது.

வியாழக்கிழமை அனஸ் தனியாக வரவில்லை. தலைமை அலுவலகத்தார் இருவர் பெயர்ப் பட்டியலோடு கூட வந்தார்கள். முதல் பத்து நிமிடம் சொன்னபடியே நடந்தது. கன்னூ மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல, மேசை சிரித்தது. அப்போது அந்த இருவரில் ஒருவர் கன்னூவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, பட்டியலில் ஏதோ எழுதினார்.

மாமியார் கதை பாதியில் நின்றது. கன்னூவின் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கூடியது. பக்கத்தில் நின்றவளுக்கு அது கேட்டது. அவளும் கூட்டினாள். அவளுக்கு அடுத்தவளும். மழை கூரை மேல் நகர்வதுபோல அந்தச் சத்தம் மேசை முழுக்க நகர்ந்தது.

"மெல்ல, மெல்ல," என்று யம்னா ஒவ்வொருத்தி காதிலும் சொல்லிக்கொண்டு போனாள். ஒவ்வொருத்தியும் தலையை ஆட்டினாள். கை நிற்கவில்லை. மற்றவள் ஓடும்போது தான் மட்டும் மெதுவாக நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? நின்றால் முதலில் எழுதப்படுவது அவள் பெயர்தானே. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்த பத்தூல் எல்லோரையும் மிஞ்சிக்கொண்டிருந்தாள். யம்னா அவள் தோளை அழுத்திப் பிடித்தாள். தோளுக்குக் கீழே கை அதுபாட்டுக்கு ஓடியது.

ஒரு மணி நேரம் முடிந்தது. சராசரி தொண்ணூற்றாறு.

அனஸ் காகிதத்தை யம்னாவிடம் காட்டினார். மற்ற இருவரும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் என்னன்னு எழுதட்டும், லல்லா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"கண்ணால பார்த்ததைத்தானேப்பா எழுதணும்," என்றாள் யம்னா. வேறு என்ன சொல்வாள்?

அவர்கள் படியேறிப் போனதும் பத்தூல் வேர்த்த முகத்தோடு வந்து கையை நீட்டினாள். துணியின் முடிச்சு இறுகி, அவளால் அவிழ்க்க முடியவில்லை.

"பாத்தீங்களா லல்லா, நூறைத் தாண்டிட்டேன். இனிமே என் பேரை எடுக்க மாட்டாங்கல்ல?"

யம்னா குனிந்து பல்லால் முடிச்சை இளக்கினாள். துணி விலகியதும் மணிக்கட்டு வீங்கிப் புடைத்துத் தெரிந்தது. நாளை அந்தக் கையால் அறுபது கூட வராது; மூன்றாவது சிவப்பு விழும்.

"மாட்டாங்க," என்றாள்.