பத்தாம் பாகம்

பதினான்கு வயது நிரம்பிய அன்றே நூலகத்தில் பெரியவர்களுக்கான அட்டையை வாங்கியாக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டில் அவளைப் பெரியவள் என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வயதுத் தங்கை சின்னவள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நூலகத்துக்குப் போய், சிறுவர் அட்டையை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, நீல அட்டையை வாங்கினாள். தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே தடியான நாவலாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போதுதான் கண்ணில் பட்டது. திரும்பி வந்த புத்தகங்களின் மேலே பத்தாம் பாகம் கிடந்தது.

கப்பலில் ஒளிந்து ஏறி, காணாமற்போன அம்மாவைத் தேடிப் போகும் ஒரு சிறுமியின் கதை அது. ஒன்பது பாகங்களையும் விழுங்கிவிட்டு, அம்மா கிடைத்தாளா இல்லையா என்று தெரியாமல் பெரியவள் ஏழு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். எந்தப் புண்ணியவானோ எடுத்துப் போனவன் இன்றைக்குத்தான் திருப்பியிருக்கிறான்.

"மேடம், இதையும் எடுத்துக்கிறேன்."

நூலகர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது சிறுவர் அட்டைக்குத்தான்மா தருவோம்."

"பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் நானும் சிறுவர்தான்."

"அதான் கையெழுத்துப் போட்டுட்டியே."

"அப்ப உள்ள உட்கார்ந்து படிச்சிட்டுப் போறேன்."

"பெரியவங்க சிறுவர் அறைக்குள்ள தனியா போகக் கூடாது. கூட ஒரு குழந்தை இருக்கணும்."

நூலகர் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து நாவலைப் பிரித்தால், அதில் ஒருவர் நாற்பது பக்கமாக ஜன்னலோரம் நின்று யோசித்துக்கொண்டே இருந்தார். இதற்கா இப்படிப் பறந்தோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் சின்னவளிடம் போனாள். வீட்டில் இப்போது சிறுவர் அட்டை வைத்திருந்தவள் அவள் மட்டும்தான். தனக்குக் கிராக்கி ஏறிவிட்டது என்பது சின்னவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

"எடுத்துத் தரேன். ஆனா எனக்கு வாசிச்சுக் காட்டணும்."

"சரி."

"முதல் பாகத்துலேர்ந்து."

பெரியவள் கெஞ்சினாள். "முதல்ல பத்தாம் பாகத்தை எடுத்துடலாம்டி. அப்புறம் பொறுமையா..."

"முடிவு தெரிஞ்சிட்டா நீ எனக்கு வாசிக்க மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா?"

அன்று மாலையே ஆரம்பித்தார்கள். முதல் பாகத்தைப் பெரியவள் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி வாசித்தாள். சின்னவள் விடுவதாயில்லை. கப்பல் தலைவன் ஏன் அக்கா குரலில் பேசுகிறான் என்று கேட்டு உயிரை வாங்கினாள். மூன்றாம் பாகத்தில் அவனுக்குக் கட்டைக்குரல் வந்தது. ஐந்தாம் பாகத்தில் நொண்டிச் சமையல்காரனாகப் பெரியவள் அறை முழுக்க நொண்டியே காட்டினாள். ஆறாம் பாகத்திலிருந்து அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள். இரண்டு மாதம் போனதே தெரியவில்லை. தடி நாவலைத் திருப்பிக்கொடுக்கும் தேதியும் அதோடு போய்விட்டது.

பத்தாம் பாகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது, சின்னவள் ஒரு சனிக்கிழமை தோழி வீட்டுக்கு விளையாடப் போனாள். புத்தகம் மேசைமேல் இருந்தது. பெரியவள் எடுத்தாள், பிரித்தாள், மூடி வைத்துவிட்டாள். அவளுக்கே ஆச்சரியம்தான். சின்னவள் பக்கத்தில் இல்லாமல் அந்த அம்மா கிடைத்தால்தான் என்ன, கிடைக்காவிட்டால்தான் என்ன என்று இருந்தது.

சின்னவள் திரும்பி வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "படிச்சிட்டியாக்கா?"

"தொடவேயில்ல. உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன்."

சின்னவள் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்தாள். "நான் நேத்தே படிச்சிட்டேன்."

பெரியவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "திருட்டுக் கழுதை. முடிவை மட்டும் சொல்லிப்பாரு, உன்னை என்ன பண்றேன்னு."

"சொல்ல மாட்டேன். இங்க குடு, நானே வாசிக்கிறேன். நீ கேளு."

புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பக்கத்தைத் தேடி எடுத்தவள், பெரியவளின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"நடுவுல அழுகை வரும்க்கா. பயப்படாதே, நான் இங்கதான் இருக்கேன்."