முதலில் நிறுத்தப் பழகிய நூர்ஜமால்

எல்லோரும் சௌக்கியம்தானே? வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள், ஆடு குதிரை எல்லாம் நலமா? எங்கள் நாரின் மலை ஊர்ப் பக்கம் பனி உருகிவிட்டது, வண்டிகளும் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டன. அதனால் நூர்ஜமால் கதையை இப்போதே சொல்லிவிடுவதுதான் நல்லது.

அன்று காலை அவள் பக்கத்தில் ஒரு சக்கரத்தோடு ஆள் உட்காரும் பெட்டி இணைத்த பழைய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் குதிரைப்பால் கேன்கள். கீழே தார்ச்சாலையில் கொண்டுபோய் விற்கத்தான் அவளை ஓட்டப் பழகச் சொன்னான் கணவன் ஷெர்காசி. அவன் கையில் குதிரைச் சாட்டை இருந்தது.

"கிளட்சை விடுடீ!"

விட்டாள். வண்டி துள்ளியது. ஐந்து வயதிலிருந்து குதிரை ஏறிய உடம்பு அவளுடையது. பயந்தால் கடிவாளத்தை நெஞ்சோடு இழுக்கும். இங்கேயும் இரண்டு கைப்பிடிகளையும் அப்படியே இழுத்தாள். இழுக்க இழுக்க வலது பிடி முறுகி, வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. வேலியில் முட்டித்தான் நின்றது.

சுளீரென்று தோளில் சாட்டை விழுந்தது.

"நிறுத்துன்னா பாயுறியே, அறிவு கெட்டவளே!"

"இழுத்தேங்க... இழுத்தா இன்னும் ஓடுது."

"முரட்டுக் குதிரையே ரெண்டு அடியில அடங்கும். நீ அடங்க மாட்டியா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு தோலோகோன் சிரித்தான். "அண்ணே, கடிவாளம் வண்டிக்கா, அண்ணிக்கா?"

மூன்றாவது அடியில் காது கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. நான்காவது முறை கிளப்பியபோது அவள் பாதையைப் பார்க்கவே இல்லை, சாட்டையைத்தான் பார்த்தாள். வண்டிக்கு முன்னால், வீட்டுக் கல் சுவரை ஒட்டி நின்ற ஷெர்காசி கையை ஓங்கினான். அவ்வளவுதான், இரண்டு கையாலும் இழுத்துவிட்டாள்.

வண்டி அவனைக் கல் சுவரோடு நசுக்கியது. எலும்பு முறிந்த சத்தம் தோலோகோனுக்கே கேட்டது. முழங்காலுக்குக் கீழே தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக எலும்பு துருத்தியது. அப்போதும் ஷெர்காசி சாட்டையை அவள் முகத்தில் வீசி எறிந்தான்.

மருத்துவமனை பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த மேட்டில் போனும் எடுக்காது. குதிரையில் ஏற்றினால் வழியிலேயே ரத்தம் வற்றிவிடும். தோலோகோனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அவன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நூர்ஜமால்தான் அவனை அதட்டிக் கூப்பிட்டாள். இருவரும் கம்பு வைத்துக் காலைக் கட்டினார்கள். கேன்களை வெளியே எறிந்துவிட்டு ஷெர்காசியைப் பெட்டியில் கிடத்தினார்கள். வண்டியோடு வந்த ஹெல்மெட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. அதைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத் தலையில் மாட்டினாள்.

ஏறி உட்கார்ந்தாள், ஆனால் என்ஜினைக் கிளப்பவில்லை. வலது பிடியைத் தளர்த்தினாள். கிளட்ச். கால் பிரேக். மறுபடியும் முதலிலிருந்து.

"சாகப் போறேன்டீ! கிளப்பு!" அவன் முஷ்டி அவள் விலாவில் இறங்கியது.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து, அலறும்வரை முறுக்கினாள். "இன்னொரு தடவை கை பட்டா இங்கேயே இறக்கிவிட்டுட்டுப் போயிடுவேன். கத்தாதீங்க. முதல்ல நிறுத்தப் பழகிக்கிறேன். அப்புறம்தான் கிளப்புவேன்."

பத்து முறை பழகினாள். பிறகு மெல்லக் கிளம்பினாள். பெட்டிப் பக்கமாகவே இழுத்த வண்டியை வளைவுக்கு முன்பே வேகம் குறைத்துத் திருப்பினாள். ஆற்றுப் பாலத்தருகே ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. கைகள் நெஞ்சுக்கு இழுக்கத் துடித்தன. இழுக்காமல் பிடியைத் தளர்த்தினாள். கிளட்ச், கால். கிடாவின் கொம்புக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

"நின்னுடுச்சே..." என்றான் ஷெர்காசி, கண்ணைத் திறக்காமலே.

மருத்துவமனையில் எலும்பைச் சேர்த்துக் கட்டும்போது அவன் போட்ட கூச்சல் தெருவரை கேட்டது. முடித்துக் கைகழுவிய டாக்டரம்மா நூர்ஜமாலைப் பார்த்தார். "இவன் காலை வண்டி உடைச்சது. உன் காதை எந்த வண்டிம்மா கிழிச்சது?"

ஷெர்காசி சுவரைப் பார்த்தபடி சொன்னான். "நான்தான் டாக்டர். வண்டி பழக்குறேன்னு சொல்லிப் பயத்தைப் பழக்கினேன். அதுதான் என் மேல ஏறிடுச்சு." பிறகு மெதுவாக அவளிடம் கேட்டான். "நாளைக்கு என்னைப் பார்க்க வருவியா?"

"வர்றேன். இனிமே ஒரு கை ஓங்கினாலும் வர மாட்டேன். வண்டியோ கோபமோ, நிறுத்தத் தெரிஞ்சவங்கதான் கிளப்பணும்."

உங்களுக்கு வண்டி பழக்கியவர் யார்? பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாரா, திட்டி அடித்தாரா? முதல் நாள் நடந்ததை ஒளிக்காமல் எனக்கு எழுதுங்கள்.