கண்டக்டர் வீட்டு அரவை மெஷின்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே கண்டக்டர் சமையலறையைக் கைப்பற்றிவிட்டார். மனைவி இன்னும் பள்ளி அலுவலகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து சோபாவைத் தேய்க்க அவருக்கு மனம் வரவில்லை. ஆரம்பத்தில் கருகியது, குழைந்தது, உப்பில்லாமல் போனது எல்லாம் உண்டு. இப்போது அவருடைய கைப்பக்குவத்துக்கு அந்த அடுக்குமாடியில் நல்ல பெயர். பஸ்ஸை விட்டு இறங்கியும் கண்டக்டர் என்ற பட்டம் மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை.

ஒரே ஒரு குறை. வீட்டில் ஏதாவது ரிப்பேர் என்றால் மனைவியின் கை தானாக ஃபோனை எடுக்கும், தம்பிக்குப் போடும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். மச்சான் கெட்டவரில்லை. கூப்பிட்ட குரலுக்கு வருவார், கச்சிதமாகச் சரிசெய்வார். ஆனால் போகும்போது, "அத்தானுக்கு டிக்கெட் கிழிக்க மட்டும்தான் தெரியும்" என்று ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் போவார். சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் அதையே திரும்பச் சொல்வார். கண்டக்டரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வினை சமையலறைக்கே வந்து சேர்ந்தது. சிங்க்குக்கு அடியில், மிச்சம் மீதியை அரைத்துக் குழாயில் அனுப்பும் மெஷின் ஒன்று இருந்தது. உருளைக்கிழங்குத் தோல், வெங்காயச் சருகு, பீன்ஸ் நார் என்று குவிந்து கிடந்ததையெல்லாம் கண்டக்டர் ஒரே மூச்சில் அதன் வாயில் திணித்தார். தண்ணீரைக்கூடத் திறக்கவில்லை. கரண்டிக் காம்பால் குத்திக்கொண்டே இருக்க, வாய் பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது: "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் காலியா இருக்கு."

பஸ்ஸில் இது எப்போதும் பலித்தது. மனிதர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது ஒடுங்கி நிற்பார்கள். பீன்ஸ் நாருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. சுவிட்சைப் போட்டதும் மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பிறகு வெறும் முனகல்தான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அடைச்சுட்டீங்களா?"

கண்டக்டர் சட்டென்று சுவிட்சை அணைத்தார். "நான் பார்த்துக்கறேன்."

"தம்பிக்கு ஒரு போன் போட்டா..."

"வேண்டாம். இது என் சமையலறை. இதுல அடைச்சா நான்தான் எடுக்கணும்."

குரல் அவர் நினைத்ததைவிடக் கொஞ்சம் கனமாகவே வந்தது. அவள் ஹாலுக்குப் போனாள்.

ஃபோனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார். டார்ச், இடுக்கி, ஒரு பழைய வாளி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். மெஷினோடு வந்த வளைந்த ஆறுபட்டைச் சாவி அலமாரி மூலையில் பிரிக்காத உறையிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்தபோது வாசலில் மணி அடித்தது.

"எங்க அத்தான்? கால் மட்டும்தான் தெரியுது" என்று கருவிப் பையோடு வந்து நின்றார் மச்சான்.

கண்டக்டர் தலையை வெளியே எடுத்து மனைவியைப் பார்த்தார்.

"கை தன்னால போட்டுடுச்சு" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவருக்கு வலித்தது. இத்தனை நாள் சேர்ந்து சிரித்தபோதெல்லாம் வலித்ததும் இதுதான் என்று அப்போதுதான் அவருக்கே புரிந்தது.

"தள்ளுங்க அத்தான். ரெண்டு நிமிஷ வேலை."

"நான் ஆரம்பிச்சுட்டேன். நானே முடிக்கிறேன்."

மச்சான் சிரித்தார். "அக்கா, நீயாவது சொல்லேன்."

அவர் பிடுங்கி ஓரமாக வைத்திருந்த பிளக்கை அவள் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். நகராமல் உட்கார்ந்திருந்த கணவரையும் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருடா. அவரே பார்க்கட்டும்."

கண்டக்டர் டார்ச்சை அடித்து, கையை உள்ளே விடாமல், இடுக்கியால் நாரைப் பந்து பந்தாக இழுத்து வாளியில் போட்டார். மெஷினின் அடிவயிற்றில் இருந்த துளையில் சாவியைப் பொருத்தித் திருகினார். அசையவில்லை. "வராது அத்தான்" என்றது நாற்காலி. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்துக்கொண்டே இருந்தார். திடீரென்று பிடி விட்டது. சாவி முழுச் சுற்றுச் சுற்றியது.

பிளக்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். முனகல்கூட இல்லை.

"போச்சு. மோட்டார் காலி" என்றார் மச்சான்.

கண்டக்டர் விடவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சூடேறினால் அது தானாக வெளியே வந்துவிடும் என்று வீடியோக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது. விரலால் அழுத்தினார். 'டக்' என்று உள்ளே போனது. எழுந்து, குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினார். மெஷின் கடகடவென்று ஓடியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இடுப்பில் கைவைத்து நின்றார் கண்டக்டர். இத்தனை வருஷத்தில் தன் வீட்டில் தானே சரிசெய்த முதல் பொருள். பெருமை தாங்கவில்லை.

"இனிமே தோல், நார் எல்லாம் குப்பைக்கூடைக்கு" என்று அறிவித்தார். "மத்தது கொஞ்சம் கொஞ்சமா வரிசையில வரணும். முதல்ல தண்ணி, அப்புறம் சுவிட்ச். அரைச்சு முடிஞ்சும் கொஞ்ச நேரம் தண்ணி ஓடணும்."

"எண்ணெய்?" என்று கேட்டாள் மனைவி.

"எண்ணெயை வண்டியிலயே ஏத்தக் கூடாது."

மச்சான் வாளியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். வழக்கமாகச் சொல்வதற்கு அன்று இடமில்லை. "பரவாயில்லையே அத்தான்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மச்சான் ஹாலில் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தார், பை அவர் பக்கத்திலேயே இருந்தது. கண்டக்டர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். கை கழுவப் போன மனைவி குளியலறையிலிருந்து வெளியே வந்தாள். தம்பியின் நாற்காலியைத் தாண்டி, பையைத் தாண்டி, நேராகச் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"குளியலறைக் குழாய் சொட்டுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அவள் தோளுக்குப் பின்னால், பையைத் தூக்கிக்கொண்டு பாதி எழுந்த மச்சான் மறுபடியும் மெதுவாக உட்கார்வது தெரிந்தது.

குழாயைப் பற்றிக் கண்டக்டருக்கு ஒரு மண்ணும் தெரியாது. "இதோ வரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி அவள் பின்னால் போனார்.