இறக்காத கொழுந்து

சுபாஜினிக்கு அன்றைக்கு எப்படியாவது வேலை நடந்தாக வேண்டும். இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைக்கு மேலே பதினாலு பெண்கள், தங்களுக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் வளர்த்த தேயிலைக் கொழுந்தை முதல்முறையாகத் தரகரிடம் கொடுக்காமல் நேரே தொழிற்சாலைக்கு அனுப்பப் போகிறார்கள். எல்லாம் அவளை நம்பித்தான். இன்றைக்குச் சொதப்பினால் அடுத்த பறிப்புக்குப் பழையபடி தரகரிடமே போய் நிற்பார்கள்.

அவள் பதுளையில் கணினி கற்பிப்பவள். இவர்களுக்காக அவள் எழுதியது ஒரு மென்பொருள் முகவர். ஒரே இடத்தில் குந்திக்கொண்டிராமல் கணினி விட்டுக் கணினி தானே போய் வேலை பார்க்கும். முதலில் பெரகலையில் லொறி பிடிக்கும். பிறகு தொழிற்சாலைக் கணினிக்குப் போய்க் கொழுந்தைப் பரப்பி வாட்ட இடம் பிடிக்கும். ஒன்று தவறினாலும் பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டு, எதுவுமே நடக்காதது போலத் திரும்பிவிடும். அந்தக் கடைசி விதியில் சுபாஜினிக்கு ஏகப்பட்ட பெருமை. பாதியில் நிற்கிற பேச்சே கிடையாதாம்.

காலையிலேயே சுபாஜினியும் மடிக்கணினியோடு மேலே வந்திருந்தாள். லொறி உடனே கிடைத்தது. தொழிற்சாலையின் இணைப்புத்தான் மழையில் அறுந்துபோய்க் கிடந்தது. முகவர் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் லொறி மேலே வந்து, பதினெட்டுச் சாக்கும் ஏறிவிட்டன. அப்புறம் இணைப்பு வந்தது. தொழிற்சாலையில் இடம் இல்லை. முகவர் தன் விதிப்படி லொறியையும் விட்டுவிட்டது.

"மிஸ், எனக்கு ரத்துன்னு வந்திருக்கு," என்று லொறிச் சாரதி றிகாஸ் கைபேசியைக் காட்டினார். "கொழுந்த எறக்கவா?"

குழுத் தலைவி குணமணி இடுப்பில் கை வைத்தாள். பள்ளிக்கூடத்தில் சுபாஜினியோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், வாய்க்குப் பஞ்சமில்லை.

"எறக்கி? செடியில கொண்டுபோய் ஒட்டவா? ஏன்டி சுபா, ஒன்னோட ஆளு ஒன்னுமே நடக்கலங்குது. விடியக்காலையில இருந்து நாங்க என்னடி பண்ணிக்கிட்டு இருந்தோம்?"

சுபாஜினிக்கு முகம் செத்துவிட்டது. கணினிக்குள் எதையும் அழித்துவிடலாம். பறித்த கொழுந்தை என்ன செய்வது? இத்தனை வருஷப் படிப்பில் இது தோன்றவில்லையே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. சாக்கில் கிடக்கும் கொழுந்து சூடேறினால் பிறகு யாரும் வாங்கமாட்டார்கள்.

லொறியின் முன் இருக்கையில் ஏறி மடிக்கணினியைத் திறந்தாள். கொழுந்து ஏறிவிட்டால் பின்வாங்காதே, லொறியை விடாதே, அடுத்த தொழிற்சாலையைக் கேள், அங்கேயும் இல்லையென்றால் அதற்கு அடுத்ததைக் கேள் என்று விதியை மாற்றி எழுதினாள். அவசரத்தில் இரண்டு தடவை பிழை விட்டாள். பின்னால் பெண்கள் யாரும் சொல்லாமலே லொறியில் ஏறி, சாக்குகளை அவிழ்த்துக் கையால் கொழுந்தைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

முகவர் மறுபடி கிளம்பியது. அடுத்த தொழிற்சாலையில் இடமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

"மிஸ், மிச்சம் இருக்கிற பெக்டரி எல்ல டவுன் பக்கம்தான்," என்றார் றிகாஸ். "அது கேட்டுக்கிட்டு இருக்கட்டும், நாம போயிக்கிட்டே இருப்போம். இங்க நின்னா சூடுதான் ஏறும்."

"போங்க நானா," என்று பின்னாலிருந்து குணமணி அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்.

லொறி பெரகலையைத் தாண்டியதும் கணினி சத்தம் போட்டது. எல்லவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. இரண்டரை மணிக்கு இடம் உண்டு, லொறியும் உறுதி. சுபாஜினி கத்திய கத்தில் றிகாஸ் பிரேக்கை மிதித்துவிட்டார்.

போய்ச் சேர்ந்ததும் தொழிற்சாலை அதிகாரி ஒவ்வொரு சாக்காகக் கை விட்டுப் பார்த்தார். பெண்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நல்லா இருக்கு, உள்ள எடுங்க," என்றார்.

குணமணி வந்து சுபாஜினியின் பக்கத்தில் நின்றாள்.

"அடுத்த பறிப்பு வியாழக்கெழம. ஒன்னோட ஆளுக்கிட்ட இப்பவே சொல்லி வை. மொதல்ல பெக்டரிய கேக்கட்டும், அப்பறம் லொறிய. ரெண்டும் சரின்னா எனக்கு ஒரு வார்த்த சொல்லு. அதுக்குப் பெறகுதான் நாங்க செடியில கைய வைப்போம்."

சுபாஜினி அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாள். வரிசையை மாற்றி, முதல் வரியில் தொழிற்சாலையைப் போட்டாள்.