அவர் இருந்தால் மஃப்ளர்

ஆத்மநாதன் வீட்டில் இருந்தால் சொர்ணம் மஃப்ளர் பின்னுவாள். போவதும் வருவதுமாக ஒரே மாதிரிக் கண்ணிகள். எண்ண வேண்டியதில்லை, குனிந்து பார்க்கவும் வேண்டியதில்லை. கை தன்பாட்டில் ஓடும், காது மட்டும் அவர் இருக்கும் அறையில் இருக்கும். கூப்பிட்டதும் அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடலாம். மத்தியானம் அவர் படுத்துத் தூங்கினால் குழந்தைகளுக்கான காலுறை. அதற்கு மூங்கில் ஊசி, உரசினாலும் சத்தம் வராது. மீமிசல் பக்கம் ரோடு வேலைக்கு அவர் கேம்ப் போனால்தான் அந்த வெள்ளைச் சால்வை வெளியே வரும். இலையும் கொடியுமாக ஓடும் பின்னல் அது. ஒரு கண்ணி தப்பினாலும் வரிசை முழுக்கக் கோணிப்போகும். அதை மடியில் வைத்துக்கொண்டால் அவளுக்கு அந்த வீடே மறந்துவிடும்.

எதையுமே தொடக் கூடாத நாட்களும் உண்டு. வேலை முடிந்து வந்ததும் செருப்பை நேராகச் சேர்த்து வைப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலோரம் மெதுவாக வைப்பார். முகம் சிரித்தபடிதான் இருக்கும். அதைப் பார்த்தவுடன் ஊசிகளும் நூலும் நெற்குதிருக்குப் பின்னால் போய்விடும். மறுநாள் சொர்ணம் சேலைத் தலைப்பால் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டுதான் தெருவுக்குக் குடிதண்ணீர் எடுக்கப் போவாள்.

அவள் குன்னூரில் வளர்ந்தவள். அங்கே கம்பளி நூலும் ஊசியும் இல்லாத வீடு குறைவு. ரோடு ஓவர்சியருக்கு இரண்டாம் தாரமாகக் குடுமியான்மலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. குன்னூர்க் கடைக்கு வேண்டியதைப் பின்னச் சொல்லி அம்மா நூல் பார்சல் அனுப்புவாள். அதற்கு மட்டும் ஆத்மநாதன் மறுப்புச் சொல்லவில்லை.

அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள் அவர் கேம்ப் போயிருக்கும் நாட்களில் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வருகிற சாக்கில் எட்டிப் பார்ப்பாள்.

"இந்த வேகாத வெயில்ல கம்பளியோட மல்லுக்கட்டுறியே தாயி."

"கை சும்மா இருந்தா மனசு சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா."

"மீனம்மாளும் இதத்தான் சொல்லும். அதுக்குப் பாட்டு. கெணத்தடியில ஒக்காந்து பாடுனா எங்கவீட்டு ஆடுகூட மேயாம நிக்கும். அவரு சைக்கிள் மணி கேட்டுச்சோ, பாதியில நிப்பாட்டிரும்."

மீனம்மாள்தான் ஆத்மநாதனின் முதல் மனைவி. இந்த வீட்டுக் கொல்லைக் கிணற்றில் விழுந்து இறந்துபோனவள்.

"அவங்க எப்படிக்கா கெணத்துல விழுந்தாங்க?"

பிச்சையம்மாள் தழைக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "கால் வழுக்கிருச்சுன்னாக" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் சைக்கிள் மணி அடிக்கவில்லை. சொர்ணம் நிமிர்ந்தபோது ஆத்மநாதன் வாசற்படியில் நின்றிருந்தார். நாளைக்குத்தான் வரவேண்டியவர். தெருமுனையிலேயே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சால்வை அவள் மடியில் விரிந்து கிடந்தது. அவள் கை அதைச் சுருட்டப் போனது.

"ஏன் ஒளிக்கிற? வையி. நல்லாத்தான இருக்கு."

அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தார்.

"நான் இருந்தா மஃப்ளரு. தூங்குனா காலுறை. ஊர்ல இல்லேன்னா இது. அப்படித்தானே?"

சொர்ணம் பாதி சுருட்டிய சால்வையை மறுபடி மடியில் விரித்தாள்.

"கவனிக்க மாட்டேன்னு நெனச்சியாக்கும். பின்னு, பாக்கிறேன்."

அவள் பின்னினாள். மனசுக்குள் கண்ணிகளை எண்ணினாள். அவர் இடையிடையே பேச்சுக் கொடுத்தார். என்ன குழம்பு என்றார். பிச்சையம்மாள் வந்தாளா என்றார். அவளுக்கு எண்ணிக்கை தப்பியது. அவர் குனிந்து, சரியாக அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தா, இங்க விட்டுட்ட."

ஊசியை அவள் கையிலிருந்து வாங்கி உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தார். கோபமாக அல்ல. பூ கட்டுகிறவர் நார் கிழிப்பதுபோல் நிதானமாக, பிரிந்து வந்த நூலைத் தன் விரல்களில் சுற்றிக்கொண்டே. இலைகளும் கொடியும் வரிசை வரிசையாகக் கரைந்து போயின. மழைக்காலத்திலிருந்து அவள் பின்னியது அது.

"மீனம்மாளும் இப்படித்தான். நான் இருந்தா ஒருத்தி, இல்லேன்னா வேற ஒருத்தி. ரெண்டு பொம்பளையோட ஒரு மனுசன் எப்படிக் குடித்தனம் பண்றது, சொல்லு?"

யாரோ தனக்கு அநியாயம் செய்துவிட்டதுபோல் அவர் குரல் கம்மியது. அவள் பயந்தது அந்தக் குரலுக்குத்தான்.

பங்குனி பிறந்ததும் ரோடு வேலைக்காரர்கள் இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றின் கைப்பிடிச் சுவரை இடித்தார்கள். சுவர் பழசாகிவிட்டது, புதிதாகக் கட்டவேண்டும் என்றார் ஆத்மநாதன். செங்கல்லை ஓரமாக அடுக்கச் சொன்னார். கொத்தனார் அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. தரையோடு தரையாகக் கிணறு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அவர் கேம்ப் கிளம்பிப் போன பிறகு பிச்சையம்மாள் கொல்லைப் பக்கம் வந்தாள். கிணற்றைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்ப இடிச்சாரு?"

"திங்கக்கெழம. புதுசாக் கட்டப் போறாராம்."

"அப்பவும் இதத்தான் சொன்னாரு." பிச்சையம்மாள் அவள் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் இழுத்தாள். "சுவத்த இடிச்சுப் போட்டாரு. அந்தப் புள்ள போய்ச் சேந்த பெறகுதான் கொத்தனாரு வந்தாரு. எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. வாயத் தொறக்கல."

சொர்ணம் அழவில்லை. "வெள்ளிக்கெழம சாயங்காலம் வாரேன்னு சொல்லியிருக்காருக்கா" என்றாள்.

"நாளைக்கு வெள்ளிதான். நார்த்தாமலையில மாரியம்மனுக்குத் திருவிழா. எந் தம்பி சேவுகன் வண்டி கட்டுறான். விடியமின்ன வந்து ஏறிக்க."

கிளம்பும் முன் சொர்ணம் கூடத்து நாற்காலியில் அந்தச் சாம்பல் மஃப்ளரை ஊசியோடு வைத்தாள். நூலுருண்டையைக் கீழே, எப்போதும் கிடக்கும் இடத்தில் போட்டாள். அடுப்பில் சோற்றுப் பானையை மூடிவைத்தாள். யார் வந்து பார்த்தாலும், இப்போதுதான் எழுந்து உள்ளே போயிருக்கிறாள் என்று நினைக்க வேண்டும்.

நார்த்தாமலையில் கூட்டம் நெரித்தது. பால்குடங்களுக்கு நடுவே பிச்சையம்மாள் அவளை இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தாள். திருச்சி பஸ் வந்து நின்றதும் கையில் டிக்கெட்டுக்குக் காசைத் திணித்தாள்.

"திரும்பிப் பாக்காத. கூட்டத்துல நீ எங்கிட்டுப் போனேன்னு எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

"ஒங்கள ஏதாச்சும் பண்ணிருவாருக்கா."

"எங்கிட்ட என்னத்தா இருக்கு பிரிக்கிறதுக்கு? ஏறு."

குன்னூரில் அம்மா அவள் கைகளில் இருந்த தழும்புகளைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குச் சொல்லியனுப்புவோம் என்று பேச்செடுத்த அப்பாவை அம்மா ஒரு பார்வையில் அடக்கினாள். ஆத்மநாதன் தேடி வரவில்லை. அது சொர்ணத்துக்கு நிம்மதியாக இல்லை. எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் கையில் இருப்பதைக் கீழே போட்டாள்.

அடுத்த தை மாதம், தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்த சேவுகன் ஒரு சேதி சொன்னான். ஓவர்சியருக்கு இலுப்பூரில் பெண் பேசியிருக்கிறார்கள். பெண்ணின் பெயர் செவந்தி.

சொர்ணம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே ரயில் ஏறினாள். இலுப்பூர் வீட்டில் செவந்தியின் அப்பா அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"ஓடிப்போனவ பேச்சக் கேட்டு நல்ல எடத்த விட்டுருவமா? போங்கத்தா."

செவந்தி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சொர்ணம் அவளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் சொல்றத நம்ப வேணாம்மா. குடுமியான்மலைக்கு ஒருக்கா ஆளனுப்பி, கொல்லையில கெணத்துக்குச் சுவரு இருக்கான்னு மட்டும் பாக்கச் சொல்லு. பக்கத்து வீட்டுல பிச்சையம்மான்னு கேளு."

ஆளனுப்பும்வரை சாப்பிட மாட்டேன் என்றாள் செவந்தி. மறுநாள் அவளுடைய தாய்மாமன் குடுமியான்மலைக்குப் போனார். கிணறு அப்போதும் சுவரில்லாமல்தான் கிடந்தது. பிச்சையம்மாள் இந்தத் தடவை வாயைத் திறந்தாள். திரும்பி வந்த மாமன் வெற்றிலைத் தாம்பாளத்தை எடுத்துத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

பிறகு ஒருமுறை செவந்தியின் மாமனைத் திருச்சி ஜங்ஷனில் பார்த்தபோது, ஓவர்சியர் வீட்டைக் காலி செய்துவிட்டார், மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார் அவர்.

"எந்த ஊருக்கு?" என்று கேட்டாள் சொர்ணம்.

அது யாருக்கும் தெரியவில்லை.