மேலே சூடு, கீழே குளிர்

படகோட்டிக்கு அன்று காலையிலிருந்தே மூக்கு ஒன்று சொன்னது, கண் வேறொன்று சொன்னது. மூக்கில் ரப்பர் கருகும் நாற்றம். கண்ணெதிரே, இன்ஜின் சூடு காட்டும் முள்ளோ நல்ல பிள்ளையாக நடுவிலேயே நின்றது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் புகைக்குழாய் வழியே கடல்தண்ணீரும் துப்பித் துப்பி வந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் வந்தால் புகை குளிர வேண்டாமா? அப்புறம் எது கருகுகிறது?

அக்கரையில் ஆட்களை இறக்கிவிட்டு, காலிப் படகை நேரே கொழுந்தியாளின் பட்டறைக்குக் கொண்டுவந்து கட்டினார். மனைவியின் தங்கை மெக்கானிக். இன்ஜினிலிருந்து புகை போகும் ரப்பர் குழாயை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

"மறுபடியுமா அத்தான்?"

"நீ போட்ட குழாய். நீதான் சொல்லணும்."

அவர் வாயில் வார்த்தை சுருக்கென்று வந்துவிட்டது. போன தடவை குழாய் கருகியபோதே படகுத்துறையில் நாலு பேர் நடுவில், "சொந்தம்னு கொடுத்தேன், வேலை தெரியல" என்று சொல்லியிருந்தார். அது அவள் காதுக்குப் போனதா, இல்லையா? முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை.

அவள் கடல்தண்ணீரை இழுக்கும் பம்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே சுற்றும் ரப்பர் இதழ்கள் ஒன்றுகூடக் கிழியவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு. எனக்கும் ஒண்ணும் புரியல" என்றாள். "இன்ஜினைப் போடுங்க."

ஓடும் இன்ஜினின் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் கை வைத்தாள். மேலே கொண்டுபோனதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அத்தான், கீழ தொடுங்க."

ஜில்லென்றிருந்தது.

"இப்ப மேல. தொட்டுடாதீங்க, கிட்ட மட்டும்."

அனல் அடித்தது. ஒரே குழாய்க்கு இரண்டு குணமா?

இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, புகையும் தண்ணீரும் கலக்கும் வளைவைக் கழற்றினாள். தண்ணீர் சுற்றிலும் பீய்ச்ச வேண்டிய துளைகளில் மேல்வரிசை முழுக்க உப்பும் துருவும் இறுகி அடைத்திருந்தது. கீழே மூன்றே மூன்றுதான் திறந்திருந்தன.

"தண்ணி வருது, ஆனா அடியிலயே ஓடிப் போயிடுது. புகை அது தலைக்கு மேல சுடச்சுடப் போகுது. குழாயை மட்டும் மாத்திக்கிட்டே இருந்தேன் பாருங்க, இதைத் திறக்கத் தோணவே இல்ல. என் தப்புதான்."

அவள் தப்பு என்று அவளே சொன்னது அவரை என்னவோ செய்தது.

"துறையில நான் ஒண்ணு சொல்லிட்டேன்…"

"கேள்விப்பட்டேன்."

"கோபமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கே இன்னும் தெரியல அத்தான். அந்த ஸ்பானரை எடுங்க."

புது வளைவும் புதுக் குழாயும் ஏறின. இன்ஜின் ஓட ஓட அவர் குழாயைச் சுற்றிக் கையை ஓட்டினார். மேலும் கீழும் ஒரே குளிர்ச்சி.

மறுநாள் துறையில் அதே நாலு பேரிடம், அவள் போட்ட குழாயில் குறையில்லை என்று தானாகவே பேச்சை எடுத்தார்.

"அப்ப கோளாறு எதுல?" என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

துளை, உப்பு, வளைவு என்று ஆரம்பித்தவர் பாதியில் குழம்பி நின்றார்.

"என் வாயில" என்றார்.